சுவரில் சிலுவை இருந்தால் சாதிச் சான்றிதழ் போய்விடுமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு பெண் டாக்டர். சாதிச் சான்றிதழில் 'இந்து பள்ளர்'. கல்யாணம் செய்துகொண்டது ஒரு கிறிஸ்தவரை. பிள்ளைகளும் கிறிஸ்தவர்களாக வளர்கிறார்கள். விசாரணைக்குப் போன அதிகாரிகள் அவருடைய கிளினிக்கின் சுவரில் ஒரு சிலுவை தொங்குவதைப் பார்த்தார்கள். 2013-ல் மாவட்ட ஆட்சியர் சான்றிதழை ரத்து செய்துவிட்டார்.

சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் அந்த உத்தரவைத் தூக்கி எறிந்தது. கணவரோடும் பிள்ளைகளோடும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதால் மட்டும் அவர் தன் பழைய நம்பிக்கையை விட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது, அதிகாரிகள் குறுகிய மனதோடு நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பது தீர்ப்பின் சாரம்.

அடுத்து புதுச்சேரி. வள்ளுவன் சாதியில் பிறந்த ஒரு தந்தை, கிறிஸ்தவத் தாய், குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம். வளர்ந்த பிறகு அந்தப் பெண் அரசு எழுத்தர் வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்கிறார், நான் இந்துதான் என்கிறார். கிராம அளவிலான விசாரணையில் அவர் தவறாமல் சர்ச்சுக்குப் போவது தெரிய வருகிறது. 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டது. மனதில் கிறிஸ்தவம், பலனுக்கு இந்து என்பது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. (தேதியைக் கவனித்தீர்களா? அரசியலமைப்பு தினம்.)

இரண்டு வழக்கிலும் சர்ச் இருக்கிறது. இரண்டிலும் ஒரு வருவாய்த் துறை விசாரணை இருக்கிறது. ஒன்றில் சான்றிதழ் தப்பித்தது, இன்னொன்றில் கிடைக்கவே இல்லை. வித்தியாசம் ஞானஸ்நானம் மட்டும்தானா? இல்லை, இந்தியாவில் ஒருவர் கிறிஸ்தவராக 'வெளியில் தெரியும்படி' வாழ்வதை அரசு எப்படிப் படிக்கிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கொஞ்சம் பின்னாலிருந்து வருவோம்.

ஒரு பத்தி, மூன்று மதங்கள்

1950 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் வெளியிட்ட பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாவது பத்தி என்று ஒன்று இருக்கிறது. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்பது அதன் அடிப்படை. தொடக்கத்தில் சில சீக்கியச் சாதிகளுக்கு மட்டும் விலக்கு. 1956-ல் எல்லா சீக்கிய தலித்துகளும் சேர்க்கப்பட்டார்கள். 1990-ல் பௌத்தர்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே.

பழங்குடிகளுக்கு இந்த நிபந்தனை கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி நாகாலாந்தில் 88% பேர், மிசோரத்தில் 87% பேர் கிறிஸ்தவர்கள். அங்கே ஒரு இளைஞர் கழுத்தில் சிலுவை, வீட்டு வாசலில் வசனம், ஞாயிறானால் கடை அடைப்பு என்று முழுக்க வெளிப்படையாக வாழலாம், அவருடைய எஸ்.டி. சான்றிதழை அதற்காக யாரும் தொடமாட்டார்கள். அதே சிலுவை, அதே வசனம் திருநெல்வேலியிலோ குண்டூரிலோ ஒரு தலித் வீட்டில் இருந்தால் அது 'ஆதாரம்'.

நாடார் அல்லது மீனவக் கிறிஸ்தவருக்கும் இந்தப் பயம் இல்லை. அவர்களின் ஒதுக்கீடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறது, மதம் அதைப் பறிப்பதில்லை. முன்னேறிய சாதிக் கிறிஸ்தவருக்கு இழக்க ஒன்றுமே இல்லை. ஆக, ஆபீஸ் மேசையில் ஒரு சின்ன குரிசு வைப்பதற்கான விலை எல்லாருக்கும் ஒன்றல்ல. உங்கள் சாதி என்ன என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. மதச் சுதந்திரம் பற்றிய விவாதங்களில் இந்த ஒரு விஷயம் எப்போதும் காணாமல் போய்விடுகிறது.

'பின்பற்றுவது' என்றால் என்ன?

மூன்றாவது பத்தியில் இருக்கும் வினைச்சொல்தான் இங்கே முக்கியம். ஒரு மதத்தை மனதில் நம்புவது வேறு, அதை உலகறியச் சொல்வது வேறு. மகாராஷ்டிரத்தில் பௌத்தரான ஒருவரின் தேர்தல் வழக்கில், 1964-ல், உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாகச் சொன்னது: மதத்தைப் பின்பற்றுவது என்றால் வெளிப்படையாக அறிவிப்பது, பிறருக்குத் தெரியும்படி அந்த நிலைக்குள் நுழைவது.

அதாவது சட்டத்தின் கண்ணில் மதம் என்பது வெளியில் தெரிவது. நீங்கள் இரவில் என்ன ஜெபிக்கிறீர்கள் என்பதை எந்தத் தாசில்தாரும் விசாரிக்க முடியாது. அதனால் அவர் பார்க்கக்கூடியதைப் பார்க்கிறார். சுவர், கழுத்து, கல்யாண ஆல்பம், கல்லறை, சர்ச் பதிவேடு.

கேரளத்தின் தேவிகுளம் இதற்கு நல்ல உதாரணம். மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டப் பகுதி, தமிழர்கள் அதிகம், தனித் தொகுதி. 2021-ல் வென்ற மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ. ஆ.ராஜாவின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள். அவர் கிறிஸ்தவர், எனவே தனித் தொகுதியில் நின்றது செல்லாது என்று தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் வழக்குப் போட்டார். சி.எஸ்.ஐ. சர்ச்சின் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு எல்லாம் நீதிமன்றத்துக்கு வந்தன. கல்யாணத்தன்று மாப்பிள்ளையும் பெண்ணும் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதுகூட விவாதமானது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. பதவி தப்பியது. ஆனால் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை ஆவணங்களைக் கிளறாமல் அந்த முடிவுக்கு வர முடியவில்லை.

இந்த 'ஆதார' முறையில் எனக்குள்ள பெரிய சந்தேகம், வாழ்க்கை இவ்வளவு சுத்தமாகப் பிரிந்திருப்பதில்லை என்பது. பியூ ஆராய்ச்சி மையம் 2019-20-ல் கிட்டத்தட்ட 30,000 இந்தியர்களிடம் எடுத்த ஆய்வைப் பாருங்கள். கிறிஸ்தவர்களில் 54% பேர் கர்ம வினையை நம்புவதாகச் சொன்னார்கள். 31% பேர் தீபாவளி கொண்டாடுகிறார்கள். கிறிஸ்தவப் பெண்களில் 22% பேர் பொட்டு வைக்கிறார்கள். மறுபக்கம், வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்துபோய் மொட்டை போடும் இந்துக்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். பொட்டு இருந்தால் இந்து, சிலுவை இருந்தால் கிறிஸ்தவர் என்று ஒரு ஃபார்ம் தயாரித்தால் அது முதல் தெருவிலேயே குழம்பிவிடும்.

எண்ணிக்கை: பூஜ்யமா, 9 சதவீதமா, 33 சதவீதமா?

இந்தியாவில் எத்தனை தலித் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் திறந்தால் விடை: பூஜ்யம்.

கணக்கெடுப்புப் படிவத்தில் மதம் 'கிறிஸ்தவம்' என்று பதிவானால், எஸ்.சி. என்று பதிவு செய்யவே முடியாது. விதி அப்படி. 2011-ல் நாட்டில் 2.78 கோடி கிறிஸ்தவர்கள், மக்கள்தொகையில் 2.3%, தமிழ்நாட்டில் 44 லட்சம், 6.1%. இதில் ஒருவர்கூட அதிகாரப்பூர்வமாகப் பட்டியல் சாதி இல்லை.

மாதிரி ஆய்வுகளில் மக்களிடமே கேட்டால் படம் மாறுகிறது. 2004-05 தேசிய மாதிரி ஆய்வை வைத்து சச்சார் குழு தந்த அட்டவணையில் கிறிஸ்தவர்களில் 9% பேர் தங்களை எஸ்.சி. என்று சொல்லியிருக்கிறார்கள். பியூ ஆய்வில் அதுவே 33%. எஸ்.டி.யையும் சேர்த்தால் 57%.

9-க்கும் 33-க்கும் இடையில் இவ்வளவு இடைவெளி எதற்கு? ஒரு பகுதி, ஆய்வு முறை: மாதிரி வேறு, காலம் வேறு. ஆனால் யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். அரசு ஊழியர் ஒருவர் படிவத்தோடு வாசலில் நிற்கும்போது 'கிறிஸ்டியன், எஸ்.சி.' என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது சட்டப்படி முரணான பதில். தனியார் ஆய்வாளரிடம் அது வெறும் பதில்.

இன்னொரு எண் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் 2001-ல் கிறிஸ்தவர்கள் சுமார் 11.8 லட்சம். 2011-ல் 11.3 லட்சம். அந்தப் பத்து வருடத்தில் மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 11% கூடியது. கிறிஸ்தவர்கள் மட்டும் குறைந்தார்கள், அதுவும் தெருவுக்குத் தெரு புதிய பிரார்த்தனைக் கூடங்கள் முளைத்ததாக எல்லாத் தரப்பும் சொன்ன காலத்தில். கணக்கெடுப்பு எண்ணை மட்டும் வைத்துக் காரணத்தை நிரூபிக்க முடியாது. ஆனால் மாலா, மாதிகா சமூகங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவராகவும் திங்கட்கிழமை படிவத்தில் இந்துவாகவும் இருக்கிறார்கள் என்பது அங்கே யாரும் மறைக்காத விஷயம்.

இவர்களுக்குத்தான் 'கிரிப்டோ கிறிஸ்தவர்கள்' என்று பெயர். 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைகூட ஒரு தீர்ப்பில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியது. இதே கருவில் வந்த 'ருத்ர தாண்டவம்' படத்தையும் குறிப்பிட்டது. சமூக வலைதளத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் திட்டாகவே வருகிறது. ஏமாற்றுக்காரர், இரட்டை வேடம். ஆனால் ஒருவர் தன் மதத்தை மறைக்கிறார் என்றால், சொன்னால் என்ன நடக்கும் என்று முதலில் கேட்க வேண்டாமா?

சொன்னால் என்ன நடக்கும்?

முதலில் போவது எஸ்.சி. ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு நகர்கிறார். தலைமுறைகளாக நிலமும் படிப்பும் கொண்ட சமூகங்களோடு அங்கே போட்டி. சில கல்வி உதவிகளை மாநில அரசு தருகிறது. மத்திய அரசு வேலையில், யு.பி.எஸ்.சி.யில் எஸ்.சி. இடம் கிடையாது. தனித் தொகுதியில் நிற்க முடியாது.

அதைவிடக் கனமான இழப்பு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு. 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சாதிப் பெயர் சொல்லித் திட்டித் தாக்கினார்கள் என்று ஒரு பாஸ்டர் புகார் கொடுத்திருந்தார். அவரிடம் மாதிகா சாதிச் சான்றிதழ் இருந்தது. பத்து வருடமாகப் போதகராக இருப்பவர் எஸ்.சி. ஆகமாட்டார், எனவே அந்தச் சட்டம் பொருந்தாது என்று நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது.

யோசிச்சுப் பாருங்க. திட்டுபவருக்கு அவருடைய சாதி தெரிகிறது. சட்டத்துக்குத் தெரியவில்லை.

ஏற்கனவே எஸ்.சி. சான்றிதழில் வேலையில் இருப்பவருக்கு இன்னொரு கத்தி தொங்குகிறது. 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், சாதிச் சான்றிதழ் செல்லாது என்று முடிவானால் எத்தனை வருடம் சர்வீஸ் இருந்தாலும் அந்த வேலைக்குப் பாதுகாப்பு கிடையாது என்ற நிலையை எடுத்தது. 25 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் மீது 50 வயதில் ஒரு மொட்டைக் கடிதம் வரலாம். அதனால்தான் பல வீடுகளில் மகளின் கல்யாணப் பத்திரிகை இரண்டு விதமாக அச்சாகிறது. சர்ச்சில் ஒரு பெயர், சர்டிஃபிகேட்டில் ஒரு பெயர்.

சரி, மதம் மாறினால் சாதி போய்விடாதா?

அரசின் வாதம் இதுதான். 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் மத்திய அரசு, கிறிஸ்தவத்திலும் இஸ்லாத்திலும் தீண்டாமை இல்லை, தலித்துகள் அங்கே போனதே அதிலிருந்து விடுபடத்தான், எனவே எஸ்.சி. தகுதி தேவையில்லை என்றது.

பைபிளில் தீண்டாமை இல்லை என்பது சரி. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில்? தலித் கத்தோலிக்கரையும் மற்றவர்களையும் பிரிக்கும் சுவர் அங்கே பல பத்தாண்டுகளாகச் சர்ச்சையில் இருக்கிறது. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். வன்னியர் கத்தோலிக்கர்களோடு மோதல். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரே சபை, ஒரே நற்கருணை. கத்தோலிக்கத் திருச்சபையில் முதல் தலித் கர்தினால் வந்ததே 2022-ல்தான், ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா.

இங்கே திருச்சபைகளுக்கும் ஒரு கேள்வி இருக்கு. சாதிப் பாகுபாடு பாவம் என்று அறிக்கை விடும் அதே தலைமைதான் கல்லறைச் சுவரை இடிக்கத் தயங்கியது. 'எங்களிடம் சாதி இருக்கிறது, எனவே சலுகை கொடுங்கள்' என்று டெல்லியில் சொல்வதும், 'எங்களிடம் சாதி இல்லை' என்று பிரசங்க மேடையில் சொல்வதும் ஒரே வாய்.

ஆனால் தலைமையின் தவறுக்கு அபராதம் கட்டுவது யார்? 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து தொழில் செய்தவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை, கிறிஸ்தவர் என்பதால். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் தரப்படவில்லை என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. செருப்புத் தைக்கும் ஊசியும் நடைபாதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

எதிர்வாதத்தில் அலட்சியப்படுத்த முடியாத ஒன்றும் இருக்கிறது. மத்திய அரசில் எஸ்.சி. ஒதுக்கீடு 15%. அதைக் கூட்டாமல் தலித் கிறிஸ்தவர்களையும் தலித் முஸ்லிம்களையும் உள்ளே சேர்த்தால் இருப்பவர்களின் பங்கு குறையும். மிஷனரி பள்ளிகளில் படிப்பு கிடைத்தவர்கள் முந்திக்கொள்வார்கள் என்று இந்து தலித் அமைப்புகள் சில சொல்வது வெறும் வெறுப்புப் பேச்சு அல்ல. அது ஒதுக்கீட்டின் அளவு பற்றிய கேள்வி. அதற்கு விடை 15-ஐ மறுபரிசீலனை செய்வதில் இருக்கிறது. ஒருவர் வீட்டுச் சுவரில் தேடினால் கிடைக்காது.

வெளிப்படையாக இரு என்கிறது ஒரு சட்டம்

2024 தீர்ப்பின் உட்பொருள், நீ எந்த மதமோ அதை நேர்மையாகச் சொல் என்பது. நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அதே நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் 2021 மதமாற்றத் தடைச் சட்டம் வேறு மொழி பேசுகிறது. மாறுவதற்கு 60 நாள் முன்பே மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும். மாறிய பிறகு மறுபடி ஒரு அறிவிப்பு. அந்த விவரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். 2024 திருத்தத்தில் சில குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை போனது. பழைய மதத்துக்குத் திரும்புவது மட்டும் அந்தச் சட்டப்படி மதமாற்றமே அல்ல. 2023-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், பைபிள் கொடுப்பதும் நல்லது போதிப்பதும் ஆசை காட்டி மதம் மாற்றுவது ஆகாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அங்கே ஒரு தலித் தன் கிறிஸ்தவத்தை மறைத்தால் மோசடி. அறிவித்தால் பலகையில் பெயர், கையிலிருந்த சான்றிதழ் காலி, அக்கம்பக்கத்தில் யாராவது புகார் கொடுத்தால் போலீஸ் ஸ்டேஷன். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கே இடம்?

திரும்பி வருவதற்கான பாதை ஒப்பீட்டளவில் தெளிவாக இருக்கிறது. கேரளத்தைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் மூன்று நிபந்தனைகளை வைத்தது: முன்னோர் அந்தச் சாதி என்பதற்குச் சான்று, மதம் திரும்பியதற்குச் சான்று, அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. அவர் வென்றார்.

உங்களுக்கு இது எங்கே வரும்?

எஸ்.சி. சான்றிதழ் உள்ள நீங்கள் ஒரு கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்தால், கல்யாணத்தால் மட்டும் சான்றிதழ் போகாது. துணையோடு சர்ச்சுக்குப் போவதும் அப்படியே. 2021 தீர்ப்பு உங்கள் பக்கம். நீங்களே ஞானஸ்நானம் எடுத்து, சபைப் பதிவேட்டில் பெயர் ஏறி, தொடர்ந்து ஆராதனைக்குப் போகிறீர்கள் என்றால் 2024 தீர்ப்பு உங்களுக்கு எதிராக நிற்கும். 'மனதளவில் இந்து' என்ற பதில் எடுபடாது. குழந்தை ஞானஸ்நானத்துக்கும் இதே கதி. பெற்றோர் எடுத்த முடிவு உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும். தனியார் கம்பெனி எச்.ஆர். படிவத்தில் மதம் எழுதுவது உடனே எதையும் பறிக்காது. ஆனால் விசாரணை என்று வந்தால் எந்தக் காகிதமும் பேசும்.

சட்டம் மாறுமா? மதத்தையும் எஸ்.சி. தகுதியையும் பிரித்துவிடலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே பரிந்துரைத்தது. அது களஆய்வு இல்லாமல் எழுதியது என்று மத்திய அரசு நிராகரித்தது. உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் 2004 முதல் நிலுவையில். தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தகுதி வழங்கக் கோரித் தீர்மானம் போட்டது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு இன்னொரு ஆணையம் அமைத்தது. இரண்டு வருடக் கெடு கொடுத்து, பிறகு நீட்டித்தது.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. மதம் என்ற கேள்விக்கு 'கிறிஸ்தவம்' என்று சொன்னவரிடம் அடுத்ததாகச் சாதி கேட்கப்பட்டு, அவர் பறையர் என்றோ மாதிகா என்றோ சொல்லி, அது அப்படியே பதிவாகி, அப்படியே வெளியிடப்பட்டால், அந்தப் பூஜ்யத்தின் இடத்தில் முதல் முறையாக ஒரு எண் வரும்.